கூர்ப்புக் கொள்கையும் நம் பிள்ளைகளின் ஈமானும்

க.பொ.த. உயர்தர உயிரியல் பாடத்தில் 'கூர்ப்பு' என்றொரு சொல் வருகிறது. தமிழகத்தார் இதைப் பரிணாமம் என்பார்கள். இலங்கையில் நமக்கு இது கூர்ப்பு. நான் உயிரியல் படித்தவன் அல்லன், தமிழ் படிப்பிப்பவன். ஆனாலும் உயிரியல் பிரிவுப் பிள்ளைகள் வருடா வருடம் இந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். "சேர், கூர்ப்பெண்டா கூர்மையாகுறதா?" என்பது முதல் கேள்வி. அது சொல் பற்றிய கேள்வி, பதில் சொல்லிவிடலாம். இரண்டாவது கேள்வியைக் கொஞ்சம் தயங்கித்தான் கேட்பார்கள். "இத சரியெண்டு எழுதினா ஈமானுக்கு ஒண்டும் ஆகாதா சேர்?" வைத்தியராக வேண்டும் என்று இரவு பகலாகப் படிக்கிற பிள்ளை இப்படிக் கேட்கும்போது, 'போய்ப் பாடத்தைப் பார்' என்று சொல்லி அனுப்புவது சரியாகப் படவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் சொல். கூர்ப்பு பழந்தமிழ்ச் சொல். உள்ளது சிறத்தல், இருக்கிற ஒன்று இன்னும் மிகுதல் என்பதே இதன் பொருள் என்று தொல்காப்பிய உரியியல் சொல்கிறது. கலைச்சொல் ஆக்கியவர்கள் இலக்கணம் தெரிந்தவர்களாகத்தான் இருந்திருக்கிறார்கள். ஆனால் இந்தச் சொல்லில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. 'சிறத்தல்' என்றவுடன் தாழ்ந்தது உயர்ந்ததாகிறது, மட்டமானது மேன்மையடைகிறது என்ற எண்ணம் கூடவே வந்துவிடுகிறது. அரபியிலும் இதே கதைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அரபுப் பத்திரிகைகள் டார்வினுடைய கருத்தை 'அந்நுஷூஉ வல்இர்திகாஉ' என்று எழுதின. நுஷூஉ என்றால் தோன்றி வளர்தல். இர்திகாஉ என்றால் ஏறுதல். இன்று புழங்கும் 'ததவ்வுர்' என்ற சொல் பரவாயில்லை, நிலைக்கு நிலை மாறுதல் என்ற அளவோடு நிற்கிறது.

விஞ்ஞானம் சொல்வதில் ஏணி இல்லை. இருண்ட குகை நீரில் வாழும் சில மீன்களுக்குக் கண் இல்லாமல் போயிருக்கிறது. திமிங்கிலத்தின் மூதாதைகள் காலால் நடந்தவை. அவை சிறந்தனவா, தாழ்ந்தனவா? இரண்டுமில்லை, இருந்த சூழலுக்கு ஒத்துப்போயின, அவ்வளவுதான்.

அதைவிடப் பெரிய சிக்கல் அடுத்த சொல்லில் இருக்கிறது. 'கொள்கை'. பாடப்புத்தகத்தில் 'டார்வினின் கொள்கை' என்று வருகிறது. அதே பிள்ளை அஸருக்குப் பிறகு பள்ளிவாசலில் பயான் கேட்டால் அங்கேயும் 'கொள்கை'. அகீதாவுக்கு நாம் வழங்கும் தமிழ்ச் சொல்லும் அதுதானே. கொள்கை உறுதி, கொள்கைக் குழப்பம், கொள்கைச் சகோதரர் என்று எத்தனை பேச்சு! ஆகவே நம் பிள்ளையின் காதில் டார்வின் கொள்கை என்பது இன்னொரு அகீதாவாக, கலிமாவுக்கு எதிரான கலிமாவாக விழுகிறது. விஞ்ஞானத்தில் கொள்கை என்பது அப்படியான பொருள் அல்ல. அவதானித்த பல உண்மைகளை ஒன்றுசேர்த்து விளக்கம் சொல்வதும், பிழையென்று காட்டப்பட்டால் விழுந்துவிடக்கூடியதும்தான் அது. அதை யாரும் 'ஈமான் கொள்வது' கிடையாது. ஆதாரம் போதுமா, போதாதா என்று பார்ப்பதுதான் வேலை. மறுபக்கத்தில் நம்மவர்களும் "அது வெறும் கொள்கைதானே, நிரூபிக்கப்படவில்லையே" என்று சொல்லித் தப்பிக்கிறார்கள். புவியீர்ப்பும் கொள்கைதான். அதற்காக யாரும் மாடியிலிருந்து குதிப்பதில்லை.

சரி, கூர்ப்பு சொல்வதுதான் என்ன? ஓர் இனத்தின் அங்கத்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. இந்த வேறுபாடுகளில் சில பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போகின்றன. பிறக்கிற எல்லாமும் உயிர் தப்பி இனம் பெருக்குவதில்லை. சூழலுக்கு ஒத்துப்போகிற வேறுபாடு உள்ளவை கூடுதலாகத் தப்புகின்றன. அடுத்தடுத்த தலைமுறைகளில் அந்த வேறுபாடு பரவுகிறது. இதுதான் இயற்கைத் தேர்வு. 1859 இல் டார்வின் எழுதிய நூலின் மையம் இது.

இதற்கு உதாரணம் தேடி வெளிநாடு போகத் தேவையில்லை. நம் நாட்டில் மலேரியாவை ஒழிக்க வீடு வீடாக டீ.டீ.டீ. தெளித்த காலத்தை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1963 இல் நாடு முழுவதும் 17 மலேரியா நோயாளிகள்தான் பதிவானார்கள். பிரச்சினை முடிந்தது என்று தெளிப்பதை நிறுத்தினார்கள். 1960களின் கடைசியில் நோய் கொள்ளையாகத் திரும்பி வந்தது. இலட்சக்கணக்கானோர் காய்ச்சலில் விழுந்தார்கள். மறுபடி டீ.டீ.டீ. தெளித்தபோது பழைய பலன் இல்லை, நுளம்பு தாக்குப்பிடித்தது. கடைசியில் 1970களில் மலத்தியனுக்கு மாற வேண்டியதாயிற்று. எந்த நுளம்பும் உட்கார்ந்து யோசித்து மருந்துக்குப் பழகவில்லை. தற்செயலாக எதிர்ப்புத் தன்மை கொண்டிருந்த சில தப்பின, தப்பியவை பெருகின. 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது. அதற்குப் பின்னால் இருந்த பூச்சியியல் வேலையில், இந்த எதிர்ப்புத் தன்மை எங்கே எப்படிப் பரவுகிறது என்று கண்காணித்ததும் அடங்கும்.

"நுளம்பு நுளம்பாகத்தானே இருக்கிறது, யானையாகவில்லையே" என்று ஒருவர் கேட்கலாம். கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் பதில் உண்டு. ஓர் உதாரணம் மட்டும் சொல்கிறேன். மனிதக் கலத்தில் 46 நிறமூர்த்தங்கள், சிம்பன்சியில் 48. பொது மூதாதை உண்டென்றால் ஒரு சோடி எங்கே போயிற்று? மனிதனின் இரண்டாம் நிறமூர்த்தத்தைப் பார்த்தால், சிம்பன்சியின் இரண்டு நிறமூர்த்தங்கள் முனையோடு முனை ஒட்டிய மாதிரியான அமைப்பு இருக்கிறது. ஓரத்தில் மட்டும் இருக்க வேண்டிய முனைத் தொடர்கள் நடுவில் இருக்கின்றன. இரண்டு துணியைச் சேர்த்துத் தைத்த இடத்தில் கரை நடுவில் வருமே, அப்படி. 'மனிதன் குரங்கிலிருந்து வந்தான்' என்று விஞ்ஞானம் சொல்வதாக நம் மேடைகளில் பேசுவார்கள். அது அப்படிச் சொல்லவில்லை. இன்றைய குரங்கும் இன்றைய மனிதனும் மிகப் பழைய ஒரு பொது வழியிலிருந்து பிரிந்தவை என்றே சொல்கிறது. சிற்றப்பா மகனை வாப்பா என்று யாரும் சொல்வதில்லை அல்லவா?

இனி வரலாற்றுக்கு வருவோம். இஸ்லாம் ஒரு பக்கம், டார்வின் மறுபக்கம், தொடக்கத்திலிருந்தே சண்டை என்று ஒரு சித்திரம் நம்மிடம் இருக்கிறது. நடந்தது வேறு.

அரபுலகில் டார்வின் பற்றிய முதல் பெரிய கலவரம் 1882 இல் பெய்ரூத்தில் நடந்தது. இன்று பெய்ரூத் அமெரிக்கப் பல்கலைக்கழகம் என்று வழங்கும் நிறுவனம் அன்று சிரிய புரட்டஸ்தாந்துக் கல்லூரி. அங்கே எட்வின் லூயிஸ் என்ற இரசாயனவியல் பேராசிரியர் பட்டமளிப்பு விழாவில் பேசும்போது டார்வினை மதிப்போடு குறிப்பிட்டார். டார்வின் இறந்து மூன்று மாதம்தான். கல்லூரியை நடத்தியவர்கள் கொதித்தெழுந்தார்கள். லூயிஸ் பதவி விலக வேண்டி வந்தது. மாணவர்கள் வகுப்பைப் பகிஷ்கரித்தார்கள். கொதித்தவர்கள் யார்? அமெரிக்காவிலிருந்து வந்த கிறிஸ்தவ மிஷனரிமார். முஸ்லிம் உலமாக்களுக்கு இதில் பங்கில்லை. டார்வினுக்கு ஆதரவாக எழுதிய 'அல்முக்ததஃப்' பத்திரிகையின் ஆசிரியர்களும் பின்னர் அந்தக் கல்லூரியை விட்டு கெய்ரோ போய்விட்டார்கள்.

அதே 1882 இல் எகிப்தில் ஒராபி பாஷாவின் எழுச்சியைப் பிரித்தானியர் அடக்கினார்கள். ஒராபியை எங்கே அனுப்பினார்கள் என்பது இந்நாட்டு முஸ்லிம்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 1883 ஜனவரியில் அவர் கொழும்புக்கு வந்து இறங்கினார். சித்திலெப்பை 'முஸ்லிம் நேசன்' தொடங்கிச் சில வாரங்களே ஆகியிருந்தன. அதே எழுச்சியை ஆதரித்ததற்காக நாடு கடத்தப்பட்ட இன்னொருவர் முஹம்மத் அப்துஹு. அவர் போய்ச் சேர்ந்த இடம் பெய்ரூத். அங்கே இருந்தபோதுதான் தன் ஆசான் ஜமாலுத்தீன் ஆப்கானி 1881 இல் ஹைதராபாத்தில் பாரசீகத்தில் எழுதிய சடவாத மறுப்பு நூலை அப்துஹு அரபியில் கொண்டுவந்தார். 1886 இல் அது வெளியாயிற்று.

அந்த நூலில் ஆப்கானி டார்வினைக் கேலி செய்கிறார். தலைமுறை தலைமுறையாக கத்னா செய்கிறார்களே, ஒரு பிள்ளையாவது கத்னாவோடு பிறந்ததா என்ற கருத்துப்பட ஒரு கேள்வி. இதே கேள்வியை இன்றைக்கும் பயான்களில் கேட்கலாம், 140 வருடத்துப் பழைய சரக்கு. வாழ்நாளில் உடலுக்கு நேரும் மாற்றம் பிள்ளைக்குப் போகும் என்று சொல்வோருக்கு, அதாவது லாமார்க்கின் வழியினருக்கு, இது பொருந்தும். இயற்கைத் தேர்வுக்குப் பொருந்தாது. நுளம்பின் எதிர்ப்புத் தன்மை அதன் பிறப்பிலேயே இருந்தது, மருந்து பட்டு உண்டானதல்ல.

ஆப்கானியைவிட எனக்கு முக்கியமானவராகப் படுவது திரிபோலியைச் சேர்ந்த ஹுஸைன் அல்ஜிஸ்ர் என்ற ஆலிம். லெபனான் திரிபோலி, லிபியாவினது அல்ல. அவர் 1880களின் பிற்பகுதியில் எழுதிய 'அர்ரிஸாலதுல் ஹமீதிய்யா' உஸ்மானிய சுல்தான் அப்துல் ஹமீதின் பாராட்டைப் பெற்றது. இவர் ஆங்கிலப் படிப்புப் படித்த நவீனவாதி அல்ல. அஸ்ஹரில் ஓதியவர், ரஷீத் ரிழாவின் ஆசிரியர். அவர் சொன்னதன் சாரம் இது: உயிரினங்களை அல்லாஹ் ஒரேயடியாகப் படைத்தானா, படிப்படியாகப் படைத்தானா என்பதில் குர்ஆன் உறுதியான ஒரு சொல் சொல்லவில்லை. இரண்டில் எது நடந்தாலும் படைத்தவன் அவன். வெளிப்படையான வசனப் பொருளை ஊகத்துக்காக விட்டுவிடக்கூடாது. ஆனால் மறுக்க முடியாத ஆதாரம் வந்தால், வசனத்தை அதற்கிணங்க விளங்கிக்கொள்ள உஸூலில் இடமுண்டு. டார்வின்வாதிகள் காட்டிய ஆதாரம் அந்த அளவுக்கு வரவில்லை என்பது அவருடைய தீர்ப்பு.

இந்தத் தீர்ப்பின் அமைப்பைக் கவனியுங்கள். 'இது குப்ர், முடிந்தது' என்று அவர் சொல்லவில்லை. 'ஆதாரம் போதாது' என்றார். ஆதாரத்தின் அளவு காலத்தோடு மாறும். அவர் எழுதும்போது பரம்பரையலகு என்ற சங்கதியே யாருக்கும் தெரியாது. மெண்டலின் கட்டுரை தூசி படிந்து கிடந்த காலம் அது. அல்ஜிஸ்ர் வைத்த தராசை அப்படியே எடுத்து இன்றைய ஆதாரங்களை நிறுத்துப் பார்ப்பதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை. அவருடைய முடிவை மட்டும் எடுத்துக்கொண்டு தராசை எறிந்துவிட்டோம்.

இது அவர் புதிதாகக் கண்டுபிடித்த வழியுமல்ல. இமாம் கஸ்ஸாலி 'தஹாஃபுத்' முன்னுரையில் கிரகணம் பற்றிச் சொல்லும் இடம் மத்ரஸா மாணவர்களுக்குத் தெரிந்ததே. கணிதத்தால் உறுதியான விடயத்தை மார்க்கத்தின் பெயரால் மறுப்பவன், மார்க்கத்தின் எதிரியைவிட அதற்குக் கூடுதலாகக் கெடுதி செய்கிறான் என்பது அதன் கருத்து.

ஆனால் பின்னாளில் நாம் இந்த வழியில் போகவில்லை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முஸ்லிம் உலகில் பரவிய மறுப்பு வாதங்கள் பெரும்பாலும் இரவல். 1980களில் துருக்கியின் கல்வி அமைச்சு, அமெரிக்காவிலுள்ள ஒரு கிறிஸ்தவ சிருஷ்டிவாத நிறுவனத்தை நாடி அவர்களுடைய எழுத்துகளை வாங்கி மொழிபெயர்த்தது. பூமிக்கு வயது ஆறாயிரம் வருடம் சொச்சம் என்று பைபிளின் வம்ச அட்டவணையைக் கூட்டிக் கணக்குப் பார்த்தவர்கள் அவர்கள். குர்ஆனில் அப்படி ஓர் அட்டவணை இல்லை. அல்லாஹ்விடத்தில் ஒரு நாள் என்பது நாம் எண்ணும் ஆயிரம் வருடம் போன்றது என்று ஓரிடத்திலும் (22:47), ஐம்பதாயிரம் வருடம் என்று இன்னோரிடத்திலும் (70:4) வருகிறது. நமக்கு இல்லாத ஒரு பிரச்சினைக்கு அடுத்த வீட்டு மருந்தை வாங்கிக் குடித்த மாதிரி இது.

அந்தச் சரக்கைப் பளபளப்பான தாளில் அச்சிட்டு உலகெங்கும் அனுப்பியவர் ஹாரூன் யஹ்யா என்ற பெயரில் எழுதிய அத்னான் ஒக்தார். 2006 இல் வந்த அவருடைய பெரிய படைப்பு அட்லஸ் இலவசமாகவே பல்கலைக்கழகங்களுக்கு வந்து சேர்ந்தது. பழைய உயிர்ச்சுவட்டின் படமும் இன்றைய பிராணியின் படமும் பக்கத்தில் பக்கத்தில். 'பாருங்கள், மாறவேயில்லை' என்பதுதான் வாதம். அதில் பூச்சி என்று போட்ட ஒரு படம் உண்மையில் தூண்டில்காரர்கள் மீனை ஏமாற்றச் செய்யும் போலிப் பூச்சி. தூண்டில் முள்கூடப் படத்தில் தெரிகிறது. பின்னர் அவர் பல குற்றங்களுக்காகச் சிறை போனார், அது வேறு கதை. என் கவலை அந்த மனிதரைப் பற்றியதல்ல. அந்தப் புத்தகத்தை ஆதாரமாகக் கையில் எடுத்துக்கொண்டு பல்கலைக்கழகம் போன நம் பிள்ளை, தூண்டில் முள்ளை முதன்முதலாக விரிவுரையாளர் காட்டித்தான் பார்க்கிறது. அந்த நிமிடத்தில் அதற்கு சந்தேகம் வருவது ஹாரூன் யஹ்யாவில் மட்டுமா?

வேதத்தில் ஐயம் கொள்வோர் எங்கிருந்து வருகிறார்கள் என்ற கேள்விக்கும் இதில் பாதிப் பதில் இருக்கிறது. டோக்கின்ஸ் போன்றவர்களைப் படித்துக் கெட்டுப்போகிறார்கள் என்பது நம் வழக்கமான குற்றச்சாட்டு. ஆனால் வழியைச் செப்பனிட்டு வைத்தவர்கள் நாமே. 1976 இல் மொரிஸ் புகைல் என்ற பிரெஞ்சு வைத்தியரின் நூல் வந்த பிறகு, 'விஞ்ஞானம் இன்று கண்டதைக் குர்ஆன் அன்றே சொன்னது' என்பது நம் தஃவாவின் மையமாகிவிட்டது. கருவியல், மலைகள், கடல்கள் எல்லாவற்றுக்கும் ஒரு வசனம், ஒரு படம். விஞ்ஞானம் நிரூபிப்பதால் குர்ஆன் உண்மை என்று பத்து வயதிலிருந்து கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, பதினெட்டு வயதில் அதே விஞ்ஞானத்தின் கூர்ப்புப் பாடம் வருகிறது. இங்கே மட்டும் விஞ்ஞானம் பொய் என்கிறோம். சாட்சியை நாமே கூண்டில் ஏற்றி, அவர் உண்மையே பேசுபவர் என்று சத்தியமும் செய்துவிட்டு, நமக்குப் பிடிக்காத வாக்குமூலம் வந்ததும் பொய்யன் என்றால் நீதவான் என்ன நினைப்பார்?

இதன் இன்னொரு முகம் 'எல்லாம் நம்மவர்தான் முதலில் சொன்னார்கள்' என்ற பெருமை. அல்ஜாஹிழ் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே இயற்கைத் தேர்வைச் சொல்லிவிட்டார், இப்னு கல்தூன் குரங்கிலிருந்து மனிதன் வரை எழுதிவிட்டார் என்று வட்ஸ்அப்பில் சுற்றுகிறது. கூர்ப்பு குப்ர் என்ற செய்தியும் அதே குழுவில், சில வேளை அதே ஆளிடமிருந்து! அல்ஜாஹிழின் 'கிதாபுல் ஹயவான்' பெரிய நூல்தான். பிராணிகள் ஒன்றையொன்று தின்று வாழ்வதையும் சூழல் அவற்றைப் பாதிப்பதையும் கூர்ந்து எழுதியவர்தான். இப்னு கல்தூன் முகத்திமாவில் கனியம், தாவரம், விலங்கு, மனிதன் என்று ஒன்றையொன்று தொட்டு நிற்கும் வரிசையைச் சொல்வதும் உண்மை. ஆனால் அது படைப்பின் ஒழுங்கைச் சொல்லும் பழைய தத்துவ வரிசை; ஒன்று காலப்போக்கில் மற்றொன்றின் சந்ததியாக வந்தது என்ற வாதம் அல்ல. அவர்கள் சொல்லாததை அவர்கள் வாயில் வைப்பது அவர்களுக்குச் சிறப்பாகாது.

ஐயவாதிகளிடமும் ஒரு வார்த்தை. உயிரினங்கள் எப்படி வேறுபட்டன என்பதைக் கூர்ப்பு விளக்குகிறது. 'ஆகவே படைத்தவன் இல்லை' என்பது ஆய்வுகூடத்தில் கண்டுபிடித்த முடிவல்ல. அது அவர்கள் கூட்டிச் சேர்க்கும் தத்துவம். மழை எப்படிப் பெய்கிறது என்று நாலாம் வகுப்பிலேயே படிக்கிறோம். நீராவி, முகில், குளிர்ச்சி. அதற்குப் பிறகு யாரும் மழைத் தொழுகையை விட்டுவிடவில்லையே. கரு எப்படி வளர்கிறது என்பது கலம் கலமாகத் தெரிந்தும் 'அல்லாஹ் தந்த பிள்ளை' என்றுதான் சொல்கிறோம். வசனத்தை ஒரேயொரு நேர்ப்பொருளில்தான் படிக்க வேண்டும் என்று அடம்பிடிப்பதில் இவர்களும் நம் கடும்போக்காளர்களும் ஒரே வாங்கில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, கடினமான இடத்தைத் தொடாமல் போனால் அது ஏமாற்று. கடினமான இடம் ஆதம் (அலை).

தவளையும் திமிங்கிலமும் எப்படி வந்தன என்பதில் நமக்கு மார்க்கப் பிணக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஆதம் நபியை அல்லாஹ் மண்ணிலிருந்து படைத்தான் என்றும், ஈஸா நபியின் உதாரணம் ஆதமின் உதாரணம் போன்றது என்றும் (3:59) குர்ஆன் சொல்கிறது. தந்தையின்றிப் பிறந்தவருக்கு உவமை சொல்லும்போது, தாயும் தந்தையுமின்றிப் படைக்கப்பட்டவர் என்றே முஃபஸ்ஸிர்கள் விளங்கியிருக்கிறார்கள். மறுபுறம், மரபியலாளர்கள் இன்றைய மனிதரின் பரம்பரையலகு வேறுபாடுகளைக் கணக்கிட்டு, நம் இனம் கடந்த சில இலட்சம் ஆண்டுகளில் இரண்டே பேர் என்ற அளவுக்கு ஒருபோதும் சுருங்கவில்லை என்கிறார்கள். மொரோக்கோவின் ஜபல் இர்ஹூத் குகையில் கண்டெடுத்த மனித எலும்புகளுக்கு மூன்று இலட்சம் வருடம் வயது என்று 2017 இல் அறிவித்தார்கள். ஆய்வுக் குழுவில் றபாத் நகரத்து விஞ்ஞானியும் இருந்தார். நம் களுத்துறை மாவட்டத்துப் பாஹியங்கலைக் குகையிலேயே 45,000 வருடத்துக்கு முந்திய மனித வாழ்க்கையின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன.

இதை இன்றைய முஸ்லிம் அறிஞர்கள் எப்படி எதிர்கொள்கிறார்கள்? ஸெய்யித் ஹுஸைன் நஸ்ர் போன்றோர் கூர்ப்பை முழுவதாக மறுக்கிறார்கள். ஜோர்தானின் உயிரியலாளர் ரனா தஜானி, அல்ஜீரியரான வானியலாளர் நிதால் கெஸ்ஸூம் போன்றோர் மனிதன் உட்பட முழுவதையும் ஏற்று, ஆதம் பற்றிய வசனங்களை வேறுவிதமாக விளங்குகிறார்கள். நூஹ் கெல்லர் என்ற ஆலிம் 1995 இல் எழுதிய கடிதமொன்றில், மற்ற உயிரினங்களில் நடக்கலாம், மனிதனில் மட்டும் ஏற்க முடியாது என்று கோடு போட்டார். நான்காவது ஒரு வழியை 2009 இல் டேவிட் ஸொலமன் ஜலாஜெல் முன்வைத்தார். ஆதம் பெற்றோரின்றிப் படைக்கப்பட்டது ஓர் அற்புதம், அதை நம்புகிறோம். இன்றைய மனிதர் யாவரும் அவருடைய சந்ததி, அதையும் நம்புகிறோம். ஆனால் அவர் பூமிக்கு இறங்கும்போது அவரைப் போன்ற வேறு உயிரினம் இங்கே இருந்ததா, அவருடைய மக்கள் அவற்றோடு கலந்தார்களா என்பதில் வசனம் மௌனமாக இருக்கிறது. வசனம் மௌனமாக இருக்கும் இடத்தில் நாமும் உண்டென்றும் சொல்லாமல் இல்லையென்றும் சொல்லாமல் நிற்போம் என்கிறார். அகீதா நூல்களில் வரும் 'தவக்குஃப்' என்ற பழைய முறையே இது. அற்புதம் எலும்பில் தடயம் விடவேண்டும் என்றில்லை. ஒருவருடைய சந்ததி போதிய காலத்தில் உலகம் முழுவதும் பரவிவிடும் என்பதும் கணக்குக்கு ஒத்துவருவதே.

எனக்கு இந்த நான்காவது வழிதான் மனதுக்குப் பிடிக்கிறது. எல்லாக் கேள்வியையும் தீர்த்துவிடுகிறது என்பதற்காக அல்ல. ஹாபீலும் காபீலும் யாரை மணந்தார்கள் என்ற பழைய கேள்விக்கு, ஒரு சூலில் பிறந்தவர் மறு சூலில் பிறந்தவரை மணந்தார் என்று தஃப்ஸீர்களில் வரும் பதிலையும் இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். அதை ஆலிம்கள் செய்யட்டும். ஆனால் எது உறுதியான வசனம், எது விளக்கம், எது வெறும் கேள்விச் செய்தி என்று பிரித்துக் காட்டுகிறது இந்த வழி. நம்மிடையே இந்தப் பிரிப்புத்தான் இல்லை. பாவா ஆதம் மலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆதம் நபி ஸரந்தீபில் இறங்கினார் என்ற செய்தி தபரி முதலியோரின் நூல்களில் அறிவிப்புகளாக வருகிறது. 1344 இல் இப்னு பதூதாவே அந்த மலை ஏறினார். நமக்குப் பெருமையான செய்திதான், ஆனால் அது குர்ஆனில் இல்லை. அதை நம்பாதவர் ஈமான் இழந்துவிடுவதில்லை. இந்த வித்தியாசம் தெரிந்த ஆளுக்குத்தான் ஆதம் பற்றிய மற்றச் செய்திகளையும் எடை போடத் தெரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆதம் நபியின் உயரம் அறுபது முழம் என்றும், அதற்குப் பிறகு மனிதர் உயரம் குறைந்துகொண்டே வந்தது என்றும் புகாரியில் ஹதீஸ் இருக்கிறது. அதற்கு விரிவுரை எழுதிய இப்னு ஹஜர் அஸ்கலானி (வபாத் 1449) ஃபத்ஹுல் பாரியில் ஓர் இடறலைச் சொல்கிறார். ஸமூத் கூட்டத்தார் போன்ற பண்டைய மக்களின் வீடுகளைப் பார்த்தால், அவர்கள் அப்படி மிதமிஞ்சிய உயரமாக இருந்ததாகத் தெரியவில்லையே என்று. வாசல் உயரத்தை வைத்து ஆளின் உயரத்தைக் கணிக்கிறார்; தொல்லியலாளர் செய்கிற அதே வேலை. பிறகு, இந்தச் சிக்கலைத் தீர்க்கும் விளக்கம் தனக்கு இதுவரை தென்படவில்லை என்று எழுதிவிட்டு அடுத்த ஹதீஸுக்குப் போகிறார். ஹதீஸை மறுக்கவுமில்லை, கண்ணால் காண்பதை மறைக்கவுமில்லை.

பரீட்சையில் என்ன எழுதுவது என்று கேட்ட பிள்ளைக்கு என் பதில் இதுதான். வினாத்தாள் உன்னிடம் ஈமானைக் கேட்கவில்லை, கூர்ப்புக் கொள்கை என்ன சொல்கிறது என்று கேட்கிறது. அதை முழுமையாக, பிழையில்லாமல் எழுது; அதில் பொய் ஒன்றுமில்லை. வீட்டில் ஒரு தம்பி மத்ரஸாவில் ஓதுகிறான் என்றால், விடுமுறையில் வரும்போது ஃபத்ஹுல் பாரியின் அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டச் சொல். நீ அவனுக்கு இரண்டாம் நிறமூர்த்தத்தின் படத்தைக் காட்டு. ஒரே கூரையின் கீழ் இந்த இரண்டு படிப்பும் நடக்கின்ற வீடுகள் நம் ஊர்களில் ஏராளம். சாப்பாட்டு வேளையில் இதைப் பற்றி ஒருவரோடு ஒருவர் கதைக்கும் வீடு எத்தனை?